என் பின்னால் உம் கொட்டிக்கொண்டு வந்தது

பேய் பிசாசு என்று யாராவது என் கடைக்கு வந்து பேச்செடுத்தால் "போய் வேலைய பாருய்யா" என்று விரட்டுகிற ஆள் நான். முசரவாக்கத்துப் பக்கம் ஒரு புளியமரத்து நிலத்தை ஊரே பயந்து ஒதுக்கி வைத்திருந்தது. நான் அதை வாங்கி, அந்த மரத்தடியிலேயே கட்டில் போட்டுத் தூங்கிக் காட்டினேன். கொசுதான் வந்தது, வேறு எதுவும் வரவில்லை. அப்படிப்பட்டவன் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் கிழவனுக்கு மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று சிரித்துவிட்டுப் போங்கள். சிரிப்பதையும் தாங்கிக்கொள்வேன். மிச்சத்தைத்தான் தாங்க முடியவில்லை.

நான் படித்தது ஐந்தாவது, அதிலும் பாதிதான். ஆனால் பெரிய காஞ்சிபுரத்தில் இறங்கி என் கடைப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், ஆட்டோக்காரன் மறுபேச்சு இல்லாமல் வாசலில் கொண்டுபோய் விடுவான். ஒற்றைத் தறியில் ஆரம்பித்தவன் இன்று மூன்று மாடி பட்டுக் கடை வைத்திருக்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான் சொல்கிறேன், உழைத்தவன் சொல்லாமல் வேறு எவன் சொல்வான்?

அந்த ஒற்றைத் தறியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர்ச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறமாக இருக்கும். அதை நெய்ய இரண்டு பேர் வேண்டும். நான் தறியில் உட்கார்ந்து உடலுக்கு ஊடுநூல் சுற்றிய நாடாவை ஓட்டுவேன். என் மனைவி குமுதா எனக்குச் சற்றுப் பின்னால் வலப்பக்கம் நின்று கரைக்கு வேறு நாடா கொடுப்பாள். அவள் கொடுத்து முடித்ததும் "ம்" என்பாள். அந்த 'ம்' காதில் விழுந்தால்தான் நான் அடுத்ததை ஓட்டுவேன். திரும்பிப் பார்க்க மாட்டேன், கண்ணை எடுத்தால் இழை தப்பிவிடும். கண் நூலில், காது அவளுடைய 'ம்'மில். கல்யாணமான நாளிலிருந்து கடை போடுகிற வரைக்கும் இப்படித்தான் நெய்தோம்.

தறியை விட்ட பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. சாப்பிடும்போது நான் பேசுவேன், அவள் "ம்" என்பாள். தெருவில் நான் முன்னால் போய்க்கொண்டே பேசுவேன், பின்னால் "ம்" வரும். "என் வீட்டுக்காரி ஒரு நாள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதில்ல" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

போன வருஷம் மகன் சேகரும் மருமகள் ரேவதியும் எங்களை மூணாறுக்குக் கூட்டிப்போனார்கள். பேத்தியையும் தூக்கிக்கொண்டு வேன் வைத்துப் போனோம். போடிமெட்டு ஏறியதிலிருந்து நான் ஜன்னலை மூடவில்லை. கிளிப்பச்சை, பாசிப்பச்சை, இலைப்பச்சை என்று வாழ்நாளெல்லாம் பட்டுக்குச் சாயம் பார்த்து வாங்கினவன் நான். பச்சையில் இத்தனை வகை உண்டு என்பது அங்கே போய்த்தான் எனக்கே தெரிந்தது. மலை முழுக்கத் தேயிலையைச் சீப்பு வைத்து வாரி விட்டதுபோல் இருந்தது. குமுதாவும் பார்த்துக்கொண்டே வந்தாள். "எப்பிடிமே இருக்குது?" என்றேன். "ம்" என்றாள்.

மறுநாள் அவளைக் கடையிலிருந்து கொண்டுவந்த புதுப் பட்டைக் கட்டச் சொன்னேன். அரக்கு உடல், மயில்கழுத்துக் கரை. அந்தப் பச்சைக்கு நடுவில் நிறுத்திப் படம் எடுத்தால் கடைக்கு எவ்வளவு எடுப்பாக இருக்கும் என்று என் புத்தி போயிற்று. மலையில் எவளாவது கனமான பட்டைக் கட்டிக்கொண்டு நடப்பாளா என்று ரேவதி கேட்டாள். நான் காதில் வாங்கவில்லை.

படமெல்லாம் எடுத்து முடித்தபோது மதியம் சாய்ந்துவிட்டது. நாங்கள் நின்றது மேலே ஒரு ரோட்டில். கீழே இன்னொரு ரோடு தெரிந்தது. மேல் ரோடுதான் மலையைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்கிக் கீழ் ரோடாகிறது. இரண்டுக்கும் நடுவில் தேயிலைச் செடிகளுக்குள் ஒற்றையடித் தடம் ஒன்று இறங்கியது. அப்போதே பள்ளத்திலிருந்து மூடுபனி மேலே ஏற ஆரம்பித்திருந்தது.

"நைனா, பனி ஏறுது. வண்டில ஏறுங்க, ரூமுக்குப் போயிடலாம்" என்றான் சேகர்.

"நீங்க வண்டில வாங்கடா. நானும் உங்கம்மாவும் இந்தத் தடத்துல எறங்கி வரோம். நீங்க வளஞ்சி வளஞ்சி வர்றதுக்குள்ள நாங்க கீழ போய் நின்னுக்கினு இருப்போம், பாரு."

"மாமா, அத்தை செருப்பு வழுக்கும் மாமா" என்றாள் ரேவதி.

"உங்க அத்த பாலாத்து மணல்ல வெயில்ல வெறுங்கால்ல நடந்தவ. உங்கள மாதிரியா?"

குமுதா மெதுவாகச் சொன்னாள்: "நா வண்டிலயே வரேங்க. புதுப் பொடவ, மண்ணாயிடும்."

"மண்ணானா இன்னாமே? நம்ம கடைல வேற பொடவயே இல்லியா? வா."

"ம்" என்றாள். கைப்பையை வண்டியிலேயே வைத்தாள், அதில்தான் அவளுடைய போனும் இருந்தது. என் பின்னால் இறங்கினாள்.

தடம் ஒருவர் பின்னால் ஒருவர் போகிற அகலம்தான். கொஞ்ச தூரம் இறங்குவதற்குள் பனி எங்களை மூடிவிட்டது. எனக்கு அது பிடித்திருந்தது. காஞ்சிபுரத்து வெயிலில் வெந்தவனுக்கு அந்தக் குளிர் ராஜ மரியாதை மாதிரி இருந்தது. கால் பார்த்து வைக்க வேண்டியிருந்ததால் கண் தடத்திலேயே இருந்தது. வாய் மட்டும் சும்மா இல்லை. வாலாஜாபாத்தில் இன்னொரு கடை திறக்கப் போகிறேன் என்று சொன்னேன். பின்னால் "ம்" வந்தது. சேகர் பேரில் கடையை இப்போதைக்கு எழுதமாட்டேன், அவனுக்கு இன்னும் புத்தி பத்தாது என்றேன். "ம்." எதிர்க் கடைக்காரன் என்னைப் பார்த்து வயிறெரிகிறான் என்றேன். அதற்கும் "ம்."

'ம்' மட்டும் இல்லை. பட்டுச் சத்தமும் வந்தது. புதுப் பட்டு கட்டிக்கொண்டு நடந்தால் மடிப்புக்கு மடிப்பு உரசி ஒரு மொறுமொறுப்புச் சத்தம் வரும். அது எனக்குத் தெரியாததா? கண்ணைக் கட்டிவிட்டுச் சத்தத்தைக் கேட்கச் சொன்னாலே நல்ல பட்டு எது, கலப்பு எது என்று சொல்லிவிடுவேன். என் பின்னால் வந்தது என் கடைப் பட்டு. சத்தியம்.

அப்போது மேலே எங்கேயோ ஒரு பெண் கூப்பிட்டாள். "ஏங்க..."

பனிக்குள் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், உங்களுக்குத் தெரியும். 'ஏங்க' என்றால் அது யாருடைய மனைவியாகவும் இருக்கலாம். அன்றைக்கு மேலே சுற்றுலா வந்த கூட்டமும் நிறைய இருந்தது. என்னுடையவள் எனக்குப் பின்னால் இருக்கிறாள், அப்புறம் எனக்கென்ன?

"ஏங்க... எங்க இருக்கீங்க?"

நான் சிரித்தேன். "எவளோ ஒருத்தி புருஷன தொலைச்சிட்டு கத்தறா பாருமே. நல்ல வேள, நீ பின்னாடியே வர" என்றேன்.

"ம்" என்று வந்தது.

இன்னும் இரண்டு தரம் கூப்பிட்டது. அப்புறம் நின்றுவிட்டது. சரி, புருஷன் கிடைத்துவிட்டான்போல என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். எனக்கு அன்றைக்கு மனசு நிறைந்து இருந்தது. ஓட்டை வீட்டில் பிறந்தவன் பொண்டாட்டிக்குப் பட்டுக் கட்டி மலையில் நடத்திக் கூட்டிப்போகிறேன் என்ற நினைப்பு. அந்த நிறைவில் ஒன்று கேட்டேன்.

"ஏமே, உன்ன மாதிரி நல்லா வாழ்ந்தவ நம்ம தெருவுல எவளாவது இருக்காளா? நீயே சொல்லு."

பதில் வரவில்லை.

நடை நின்றது. பட்டுச் சத்தமும் நின்றது. "இன்னா, மூச்சு வாங்குதா? சரி, கொஞ்சம் நில்லு" என்று நானும் நின்றேன். அப்போதாவது திரும்பியிருக்கலாம் இல்லையா? திரும்பவில்லை. எதிரில் வெள்ளையாக இருந்ததையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் பட்டு ஒரு தரம் சரசரத்தது. நின்றபடியே ஒருத்தி உடம்பைத் திருப்பி, வந்த வழியைப் பார்த்தால் வருகிற சத்தம் அது. அவ்வளவுதான். நான் நடந்தேன். பட்டுச் சத்தம் மறுபடி என்னோடு வந்தது. 'ம்' மட்டும் அதற்கப்புறம் ஒரு தரம்கூட வரவில்லை. குளிரில் வாய் கட்டிப்போச்சு போலிருக்குது என்று நினைத்தேன்.

கீழ் ரோட்டில் வேன் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றது. "பாத்தியா, வந்துட்டம்ல?" என்று நான் சொல்வதற்குள் சேகர் இறங்கினான்.

"அம்மா எங்க நைனா?"

"தோ, பின்னாடி வர்றா."

"எங்க?"

திரும்பினேன். தடம் மட்டும் இருந்தது. அதில் யாரும் இல்லை.

அதற்கப்புறம் நடந்ததை எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. யானை நடமாட்டம் என்று வழியெல்லாம் பலகை வைத்திருந்ததைக் காலையில் நானே பேத்திக்குக் காட்டிச் சிரித்திருந்தேன். சேகரும் டிரைவரும் போன் விளக்கைப் போட்டுக்கொண்டு தடத்தில் ஓடினார்கள். நானும் பின்னால் ஏறினேன். கூப்பிட வாயைத் திறந்தேன், என்னவென்று கூப்பிடுவது என்று தெரியவில்லை. "ஏமே! ஏமே!" என்று கத்தினேன். இந்த மலையில் 'ஏமே' என்றால் எவளுக்குப் புரியும்? அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை காலம் ஆகிறது என்று எனக்கே நினைவில்லை. "குமுதா!" என்று கத்தியபோது வேறு யாருடைய மனைவியையோ கூப்பிடுவதுபோல என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

மேலேறி, தடம் முடிகிற இடத்துக்குக் கிட்டப் போன பிறகுதான் கிடைத்தாள். மேல் ரோட்டிலிருந்து கூப்பிடுகிற தூரம். இறங்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே சேலைக் கரை தேயிலைச் செடியில் மாட்டி இழுத்து, செடிகளுக்கு நடுவிலிருந்த வாய்க்காலில் விழுந்திருக்கிறாள். கணுக்கால் வீங்கிக் கிடந்தது. இலை பறித்துவிட்டுத் திரும்பிய இரண்டு பெண்கள் அவளைத் தூக்கிச் சாக்கின்மேல் உட்கார வைத்து, தங்கள் துணியைப் போர்த்திவிட்டுப் பக்கத்திலேயே இருந்தார்கள். அவர்களில் மூத்தவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதான் வீட்டுக்காரரா? பட்டுச் சேலைய கட்டிவிட்டு இந்தச் சரிவுல எறக்கிக் கூட்டியாந்தீகளாக்கும்? பாவம், இந்தம்மா கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துட்டு உக்காந்திருக்காக. நீக எந்த ஊருக்குப் போயிருந்தீக?"

இன்னொருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கடையில் ஆயிரம் பேரை அதட்டுகிற நான் குனிந்து குமுதாவின் செருப்பைத் தேடினேன்.

சேகர் கேட்டான்: "ஏன் நைனா, இவ்ளோ மேல விழுந்துக்கிறாங்க. கீழ வர்ற வரைக்கும் நீ ஒரு வாட்டி கூட திரும்பிப் பாக்கலியா?"

"அவதாண்டா, நீங்க முன்னாடி போங்க, நா மெதுவா வரேன்னா" என்றேன். வாய் அதுவாகச் சொல்லிவிட்டது.

"ஆமாவாம்மா?"

குமுதா என்னைப் பார்த்தாள். "ம்" என்றாள்.

அந்த 'ம்' என் முதுகுக்குள் இறங்கிற்று. தடம் முழுக்க என் பின்னால் கேட்டது இதேதான். இதே குரல், இதே அளவு. ஒரு இழைகூட வித்தியாசம் இல்லை.

சேகரும் டிரைவரும் அவளைக் கைமாற்றித் தூக்கி மேல் ரோட்டுக்குக் கொண்டுபோனார்கள். டிரைவர் போய் வேனை அங்கே ஓட்டிவந்தான். ஊருக்கு வந்து மாவுக்கட்டுப் போட்டோம். பார்க்க வந்தவர்களிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? பனிக்குள் புகுந்து நான்தான் தேடிக் கண்டுபிடித்தேன், நான்தான் தோளில் போட்டுக்கொண்டு ஏறினேன் என்று சொன்னேன். என்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. குமுதா காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "அப்பிடியாக்கா?" என்று வந்தவர்கள் கேட்பார்கள். அவள் "ம்" என்பாள்.

கட்டுப் பிரித்த பிறகு ஒரு நாள் சாயந்திரம் பக்கத்து வீட்டுக்காரர் வந்திருந்தார். "கூப்பிட்டாங்கன்னா கேட்டிருக்குமே அண்ணே?" என்றார். "பேய்க் காத்துப்பா. காதுல ஒண்ணும் உழல" என்றேன். அவர் காப்பி குடித்துவிட்டுப் போனார். நான் தைலத்தை எடுத்துக்கொண்டு அவள் கால்மாட்டில் உட்கார்ந்தேன்.

"அன்னிக்கி காத்தே அடிக்கலியேங்க" என்றாள்.

"இன்னா?"

"எல கூட ஆடல. நா கூப்ட்டது உங்களுக்குக் கேட்டுது. 'எவளோ ஒருத்தி'ன்னு சொன்னீங்க."

எனக்குக் கை நின்றுவிட்டது. அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவள் விழுந்த இடத்துக்கும் நான் அதைச் சொன்ன இடத்துக்கும் நடுவில் பாதி மலை இருந்தது. பக்கத்தில் வருகிறவளிடம் பேசுகிற குரலில்தான் பேசினேன், கத்தவில்லை.

"உனக்கு எப்பிடிமே கேட்டுது?"

"எப்பிடின்னா, காதுகிட்ட பேசறா மாதிரி கேட்டுது. நீங்க பேசறதும் கேட்டுது. அவ உம் கொட்டறதும் கேட்டுது."

"எவ?"

"எனக்கு இன்னா தெரியும்? என் கொரல்தான். நாந்தான் சொல்றனோன்னு வாய தொட்டுப் பாத்துக்கினேன். வாய் மூடித்தான் இருந்துது."

அவள் முகத்தில் பயமும் இல்லை, கோபமும் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலை.

"அப்புறம் ஏன் கூப்டறத நிறுத்திட்ட?"

"அதான் கூட ஆள் இருக்குதேன்னு நிறுத்திட்டேன். உம் கொட்ட ஒருத்தி போதுமில்ல?"

நான் தலையைக் குனிந்துகொண்டு தைலத்தைத் தேய்த்தேன். தெருவில் ஆட்டோ போனது, எதிர் வீட்டில் டிவி ஓடியது. அவளே மறுபடி பேசினாள்.

"கடைசியா ஒண்ணு கேட்டீங்களே. உன்ன மாதிரி நல்லா வாழ்ந்தவ எவளாவது இருக்காளான்னு. அவ ஒண்ணும் சொல்லல."

"ஆமா" என்றேன்.

"நா சொன்னேன், மேலேர்ந்து. அவ திரும்பிப் பாத்தா. நீங்கதான் திரும்பல."

பட்டு ஒரு தரம் சரசரத்ததை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது உங்களிடம்தான் சொல்லியிருக்கிறேன்.

"இன்னாமே சொன்ன?"

அவள் காலை மெதுவாக இறக்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பால் வைத்திருக்கிறேன் என்று உள்ளே போனாள்.

இப்போது அவள் நன்றாக நடக்கிறாள். தெருவில் நான் பின்னால்தான் வருகிறேன், கடைத்தெருவே சிரிக்கிறது, சிரிக்கட்டும். எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்துவிட்டேன், கெஞ்சியும் கேட்டேன், சாமி முன்னால் நிறுத்தியும் கேட்டேன். அவள் சொல்வதாக இல்லை. அன்றைக்கு அவள் சொன்ன பதிலைக் கேட்டது இரண்டே பேர். ஒருத்தி சொன்னவள். இன்னொருத்தி கீழ் ரோடு வரைக்கும் என் பின்னாலேயே வந்தாள், அதற்கப்புறம் எங்கே போனாள் என்று எனக்குத் தெரியாது.